வலக்கண்ணுக்கு ஒரு பாட்டு

3 ஜூன் 1985, திங்கள்

சென்ற மாதத்தின் சிறந்த ஆபரேட்டர் நான்தானாம். பரிசு இந்த டைரி. ஜனவரியில் மேனேஜர்களுக்குக் கொடுத்து மிஞ்சியதை ஜூனில் எங்கள் தலையில் கட்டுகிறார்கள். பாதி வருஷம் செத்துப்போன டைரியைக் கை குலுக்கிக் கொடுத்தார்கள், நானும் பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டேன்.

முதல் பக்கத்தில் உலகப் படம் போட்டிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஒரு கோடு பினாங்குக்கு வருகிறது, இன்னொரு கோடு பினாங்கிலிருந்து திரும்பிப் போகிறது. சிப் அங்கிருந்து விமானத்தில் வரும், சுண்டுவிரல் நகத்தில் பாதி கூட இருக்காது. அதன் விளிம்பிலிருந்து உலோகக் கால்களுக்குத் தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து நாங்கள் ஒட்டுவோம். பிறகு அது விமானம் ஏறிப் போய்விடும். எதற்குள் போய் உட்காருகிறது என்று யாருக்கும் தெரியாது. கால்குலேட்டர் என்பாள் ஒருத்தி, ராக்கெட் என்பாள் இன்னொருத்தி.

இவர் டைரியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒனக்கு எழுத என்னா இருக்கு புனிதா? கம்பி, கம்பி, கம்பின்னு எழுதப் போறியா?" என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே எழுதுகிறேன்.

7 ஜூன், வெள்ளி

ரசத்துக்குப் புளி கூடிவிட்டது. தேன்மொழி சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு நாக்கு மட்டும் மாமியார் நாக்கு.

வேலையில் எல்லோரும் கிசுகிசுக்கிறார்கள். உலகம் முழுக்க சிப் விற்கவில்லையாம். பக்கத்து ஃபேக்டரியில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. எங்கள் ஃபேக்டரிக்கு ஜப்பானிலிருந்து மிஷின் வருகிறதாம், அது தானாகவே பார்த்துத் தானாகவே கம்பி ஒட்டுமாம். மிஷினுக்குத் தலைவலி வராது, பிள்ளைத்தாய்ச்சி லீவும் கேட்காது.

இவரிடம் சொன்னேன். இவர் துறைமுகத்தில் தோணி மூட்டை இறக்கியவர். கண்டெய்னர் வந்ததும் அந்த வேலை போனது. இப்போது ஒரு கிடங்கில் ஜாகா, காவல் வேலை பார்க்கிறார், அதுவும் ஆள் வராத நாளில் மட்டும். "எனக்குப் பெட்டி வந்துச்சு, ஒனக்கு மிஷின் வருது" என்றார்.

12 ஜூன், புதன்

லைன் லீடர் மிஸ் ஊய் கூட்டம் போட்டுச் சொன்னாள். மிஷின் வருவது உண்மை. கையால் ஒட்டும் லைனை பிலிப்பைன்ஸுக்கு மாற்றுகிறார்கள், மணிலா பக்கம் புது ஃபேக்டரி. இங்கே பாதிப் பேர்தான் நிற்பார்கள். யார் நிற்பது என்று பார்க்க மூன்று விஷயம்: ரிஜெக்ட் எவ்வளவு, லீவு எவ்வளவு, கண் டெஸ்ட்.

கண்ணாடி போட்டவர்களை மைக்ராஸ்கோப்பில் உட்காரவைக்கும் வழக்கம் எங்கள் கம்பெனியில் கிடையாது. முன்பெல்லாம் பாக்கிங்குக்கு மாற்றுவார்கள். இந்த வருஷம் பாக்கிங்கிலும் இடமில்லையாம்.

அடுத்த மாதம் டெஸ்ட். நம்மிடம்தான் பாட்டு இருக்கிறதே.

20 ஜூன், வியாழன்

பாட்டை இங்கே எழுதிவைக்கலாம், எவன் படிக்கப் போகிறான்.

கம்பெனி கிளினிக்கில் சித்தி என்ற மலாய்க்கார நர்ஸ் மாட்டியிருக்கும் எழுத்து அட்டை நான் சேர்ந்த நாளிலிருந்து மாறவில்லை. மேலே பெரிய ஈ, அப்புறம் எஃப் பி, அப்புறம் டி ஓ இசட், அப்புறம் எல் பி ஈ டி, அப்படியே சிறுத்துக்கொண்டே போகும். எங்கள் லைன் தமிழ்ப் பெண்கள் அதைக் கும்மியாகக் கட்டிவிட்டோம்.

ஈ அண்ணன் தனியா வந்தான்
எஃப்பும் பியும் ஜோடி சேர்ந்தாங்க
டீ ஓசியில குடிச்சாங்க
எல்லுப் பீடி பிடிச்சாங்க

இதற்குக் கீழும் இருக்கிறது, அது கொஞ்சம் அசிங்கம். மூன்றாம் வரியால் ஒரு விபரீதமும் நடந்தது. பவளக்கொடி என்று ஒருத்தி. 'ஓசி' என்று பாடிப் பழகிய வாயால், டெஸ்டில் டி, ஓ, சி என்று சொல்லிவிட்டாள். இசட் இருக்கும் இடத்தில் சி. அதற்குக் கீழ்வரியெல்லாம் சரியாகப் படித்தவள் பெரிய எழுத்தில் எப்படித் தவறுவாள் என்று சித்திக்குச் சந்தேகம் வந்து, அட்டையைக் கீழிருந்து மேலாகப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். பவளம் அழுதுகொண்டே வெளியே வந்தாள். அப்புறம் அந்த வரியை 'டீ ஓ இசட்டு குடிச்சாங்க' என்று மாற்றினோம். ஓசி டீ வேலைக்கே உலை வைத்துவிட்டது.

எனக்குப் பாட்டு வலக்கண்ணுக்கு மட்டும்தான். இடக்கண் நன்றாகவே தெரியும். வலது கொஞ்சம் சோம்பேறி. இரண்டு மூன்று வருஷமாகவே அப்படித்தான். ஒரு வீட்டில் ஒருத்தர் உழைத்தால் இன்னொருத்தர் உட்கார்ந்து சாப்பிடுவதில்லையா?

30 ஜூன், ஞாயிறு

பேனா மை வெளுத்துவிட்டது. இவரைப் புது புட்டி வாங்கிவரச் சொன்னேன். அதுவும் வெளுப்பு. சீனன் கடையில் தண்ணீர் கலக்கிறான்.

மார்க்கெட்டில் ஒருத்தி என் தோளில் வந்து இடித்தாள். "கண்ணு தெரியலையா?" என்று என்னையே கேட்கிறாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

4 ஜூலை, வியாழன்

செங்கமலம் இன்று முழுக்கப் புலம்பல். என் வலப்பக்கத்து நாற்காலிக்காரி, நிபோங் திபால் தோட்டத்திலிருந்து வந்து மூன்று வருஷம் இருக்கும். தாயும் மகளும் மட்டும், தாய்க்கு மூச்சிரைப்பு. வெளிச்சம் சரியில்லை, லென்ஸ் சரியில்லை என்கிறாள், ரிஜெக்ட் ஏறுகிறது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். லைன் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள், கோபமே வராத பெண்.

மாலையில் அவளுடைய டிரேயைத் தட்டிவிட்டேன். என் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் தட்டத்தானே செய்யும்? நல்லவேளை, காலி டிரே. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

வீட்டுக்கு வரும்போது தெருவிளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம். மழை ஈரம்.

9 ஜூலை, செவ்வாய்

தேன்மொழி ஒளிந்து விளையாடும் பழக்கத்தை விட வேண்டும். சாப்பிட வா, வா என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். "இங்கதாம்மா இருக்கேன்" என்கிறாள். என் வலப்பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு அடி போட்டேன். நான் ஒளியவே இல்லை என்று அழுதாள். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. வட்டத்துக்குள் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. வெளியேதான் சாமான்கள் இடம் மாறுகின்றன.

19 ஜூலை, வெள்ளி

கண் டெஸ்ட். இடக்கண்ணால் படித்தேன். பிறகு இடக்கண்ணை மூடிக்கொண்டு ஈ அண்ணனைக் கூப்பிட்டேன். கடைசி வரிவரை வந்தான். நடுவில் ஒரு இடத்தில் வேண்டுமென்றே தயங்கிக் கண்ணைச் சுருக்கினேன், ஒரேயடியாக ஒப்பித்தால் பவளக்கொடி கதைதான். சித்தி, "பாகுஸ், காக், பதினெட்டு வயசுக் கண்ணு" என்று அக்கா போட்டு மலாயில் மெச்சினாள்.

அட்டை எந்தச் சுவரில் இருந்தது என்று வலக்கண்ணுக்குத் தெரியவில்லை. அறையில் வெளிச்சம் குறைவு.

24 ஜூலை, புதன்

மணிலாவுக்கு என்னை அனுப்புகிறார்கள்! எங்கள் லைனில் நான் ஒருத்திதான். அங்கே இருக்கிற பெண்களுக்குக் கம்பி ஒட்டக் கற்றுக்கொடுக்க மூன்று மாதம். போய்வருகிறவர்களுக்கு இங்கே வேலை நிச்சயம் என்று மிஸ் ஊய் வாய்விட்டே சொன்னாள். "யுவர் ஐஸ் ஆர் தி பெஸ்ட், புனிதா."

எங்கள் வேலையை எடுத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு நானே போய்க் கற்றுக்கொடுக்க வேண்டும். கேட்க நன்றாக இல்லைதான். ஆனால் நான் போகாவிட்டால் இன்னொருத்தி போவாள். இவர் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கோழி வாங்கிவந்தார். ஏரோப்பிளேனில் என்ன சாப்பாடு கொடுப்பார்கள் என்று தேன்மொழி கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். தலைதான் வலிக்கிறது.

28 ஜூலை, ஞாயிறு

வலி. வாந்தி. எழுத முடியவில்லை.

1 ஆகஸ்ட், வியாழன்

திங்களன்று இவர் என்னைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். கண்ணுக்குள் ஆணி அடிப்பது போல் வலி. ஊசி போட்டு, சொட்டு மருந்து விட்டு வலியைக் குறைத்தார்கள். பிறகு கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டர் பொன்னுதுரை, நரைத்தவர், நம் தமிழில் பேசினார்.

நான் அட்டையைத் தேடினேன். அவர் அட்டை எதுவும் காட்டவில்லை. நேராக என் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து, தன் மூக்கையே பார்க்கச் சொன்னார்.

"இப்ப எத்தனை விரல் தெரியுது?"

எங்கே விரல் என்று கேட்டேன்.

"இப்ப?"

"நீங்க இன்னும் கையத் தூக்கலையே டாக்டர்" என்றேன்.

பின்னால் நின்ற இவர் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. டாக்டர் தன் கையைப் பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தார். மூக்குக்கு அருகே வந்தபோதுதான் விரல்கள் முளைத்தன.

கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி நரம்பைச் சாகடித்துக்கொண்டே வந்திருக்கிறது. வலது போய்விட்டது. இடதில் ஓரமெல்லாம் போய், நடுவில் ஒரு வட்டம் மிச்சம். போனது திரும்பாது. சொட்டு மருந்தால் அந்த வட்டத்தைப் பிடித்துவைக்கப் பார்க்கலாம், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்றார்.

"மைக்ராஸ்கோப் வேலையாலதானா டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"அப்பிடிச் சொல்ல முடியாது. இது வேலை செய்யாம வீட்டுல இருக்கறவங்களுக்கும் வரும். ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தியிருப்பேன். வலது கண் மங்க ஆரம்பிச்சப்பவே தெரிஞ்சிருக்குமே. கம்பெனியில வருஷா வருஷம் பாப்பாங்களே, ஒண்ணும் சொல்லலையா?"

"எல்லாம் சரியா இருக்குன்னாங்க" என்றேன்.

"எந்த நர்சு அது?" என்று இவர் கத்தினார். டாக்டரும் தலையை ஆட்டி, அந்த நர்சை என்ன சொல்வது என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பாவம் சித்தி.

கண் கெட்ட பிறகு என்று ஆரம்பிக்கும் பழமொழியை இவர் சொல்லவில்லை. பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். கல்யாணமான புதிதில்கூட இவர் பஸ்ஸில் என் கையைப் பிடித்ததில்லை.

நான் அழுதேன். இதில் எழுதுவதற்கென்ன வெட்கம். சத்தம் போட்டு அழுதேன்.

5 ஆகஸ்ட், திங்கள்

வேலைக்குப் போனேன். வட்டம் இருக்கிறதே. இன்றைக்கு ஒட்டியதில் ஒரு ரிஜெக்ட்கூட இல்லை.

மணிலாவுக்குப் புருஷன் விடமாட்டேன் என்கிறார் என்று மிஸ் ஊய்யிடம் சொன்னேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள். இந்தியன் புருஷன்களைப் பற்றி அவளுக்கு ஏற்கனவே ஒரு நினைப்பு உண்டு, அது எனக்கு உதவியாக இருந்தது. வேறு தேசத்தில், தெரியாத வாசற்படிகளில் நான் மாட்டிக்கொள்வேன். இங்கே எனக்கு எல்லாம் மனப்பாடம். பஸ்ஸுக்கு இவர் கொண்டுவந்து விடுகிறார், இறங்கினால் பெண்கள் கூட்டத்தோடு நடந்துவிடுவேன்.

எனக்குப் பதில் செங்கமலம் போகிறாளாம். மறுபடி ஒரு கண் டெஸ்ட் எடுக்க வேண்டும், புதன்கிழமை அடுத்த வாரம்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

செங்கமலம் வீட்டுக்கு வந்தாள், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. கோப்பி போட்டுக் கொடுத்தேன். கைவிரலை டம்ளருக்குள் விட்டு அளவு பார்த்துத்தான் ஊற்றினேன். அவள் கவனிக்கவில்லை.

"அக்கா, எல்லுப் பீடிக்கு அப்பறம் எனக்கு வரவே மாட்டேங்குது. போன வாட்டி நாலு வரியோட தப்பிச்சேன். இந்த வாட்டி கடைசி வரைக்கும் கேப்பாங்களாம். சொல்லிக் குடுங்கக்கா. மணிலா போனாத்தான் வேலை நிக்கும்."

"ஒனக்கு எதுக்குடி பாட்டு? இருபத்திமூணு வயசு."

"தூரத்து எழுத்து தெரியலக்கா. பஸ் நம்பர் தெரியல. தலைவலி வேற."

அன்றைக்கு லைன் முழுக்கச் சிரிக்கவைத்தேனே, அவள் சொன்னது உண்மை. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்று கேட்டேன். சில நேரம் தெரிகிற மாதிரிதான் இருக்கிறது என்றாள்.

"செங்கமலம், பாடாதே. தெரியறத மட்டும் சொல்லு. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு."

அவள் முகம் மாறியதோ என்னவோ. குரல் மாறியது. "நீங்க பாடித்தானே மாசத்துக்கு மாசம் பரிசு வாங்குறீங்க? எனக்கு மட்டும் சொல்லிக் குடுக்க மாட்டீங்களா லா?"

அப்புறம் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி, விரல், செத்த நரம்பு, எல்லாம். வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். அவள் தன் கையை என் வலப்பக்கமாகக் கொண்டுவந்து ஆட்டிப் பார்த்திருக்கிறாள் போல. வளையல் சத்தம் கேட்டது. பிறகு என் மடியில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

"சத்தியம் பண்ணு. பாட மாட்டேன்னு."

பண்ணினாள்.

14 ஆகஸ்ட், புதன்

செங்கமலம் மூன்றாம் வரியோடு நின்றுவிட்டாளாம். அதற்குக் கீழே தெரியவில்லை என்று சித்தியிடம் சொல்லிவிட்டாள். நல்ல பெண். இனி டாக்டரிடம் போய் மருந்து ஏதாவது வாங்கிப் பிழைத்துக்கொள்வாள். நான் ஒருத்தியையாவது காப்பாற்றினேன்.

16 ஆகஸ்ட், வெள்ளி

ஆள் குறைப்புப் பட்டியலை காண்டீன் சுவரில் ஒட்டினார்கள். நான் படிக்கவில்லை, கூட்டமாக இருந்தது. பக்கத்திலிருந்தவளைப் படிக்கச் சொன்னேன். என் பெயர் இல்லை. செங்கமலத்தின் பெயர் இருக்கிறது.

18 ஆகஸ்ட், ஞாயிறு

வந்தாள். இவர் இருந்ததால் முதலில் ஊர்க்கதை பேசினாள். இவர் வெளியே போனதும், "பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்க்கா, ஒங்க டாக்டர்தான்" என்றாள்.

"என்னா சொன்னார்?"

"ஒண்ணுமில்லியாம். கிட்டப்பார்வையாம். சாதாரணக் கண்ணாடி போட்டாப் போதுமாம். நரம்பெல்லாம் பச்சைப் பிள்ளை நரம்பு மாதிரி இருக்காம்." சிரித்தாள். "வளையம்னு சொன்னது கண்ணுல தண்ணி நின்னதாலயாம். நீங்க கேட்டீங்க, எனக்கும் தெரியற மாதிரி இருந்துச்சு."

அவள் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. பொறாமை. அதற்குப் பிறகுதான் மற்றது புரிந்தது. ஐந்து நிமிஷம் உட்காரவைத்துப் பாட்டின் கடைசி இரண்டு வரியைச் சொல்லிக் கொடுத்திருந்தால் இவள் இப்போது மணிலாவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள். ஒருத்தி உண்மை சொன்னாள், அவள் வேலை போய்விட்டது. சொல்லச் சொன்னவள் வாயை மூடிக்கொண்டு வேலையில் இருக்கிறேன்.

"இனி என்னா செய்யப் போறே?"

"தோட்டத்துக்கே திரும்பிப் போறோம். அம்மாவோட தம்பி அங்க இருக்காரு. செம்பனைப் பழம் பொறுக்க ஆள் எடுக்கறாங்களாம். அதுக்குக் கண்ணாடி போட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

என்னைத் திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவள் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்றாள்.

"அக்கா, ஒங்க கண்ணைப் பத்தி கம்பெனியில யார்ட்டயும் சொல்லலையே நீங்க?"

"இல்ல."

"சொல்லாதீங்க."

நாளைக்குக் காலையில் மிஸ் ஊய்யிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். பாட்டு, வலக்கண், எல்லாம். செங்கமலம் பொய் சொல்லாதவள், அவளைத் திரும்ப எடுங்கள் என்று சொல்வேன். சித்தி மேலும் தப்பில்லை என்று சொல்வேன். இவரிடமும் சொல்லிவிட்டேன், நாளைக்குச் சொல்லப் போகிறேன் என்று. இவர் தேன்மொழியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒன் இஷ்டம்" என்றார்.

19 ஆகஸ்ட், திங்கள்

வேலைக்குப் போனேன். மிஸ் ஊய் என் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் தேங்க் யூ சொன்னேன்.

செங்கமலத்தின் நாற்காலியை எடுத்துவிட்டார்களாம். மத்தியானம் ஒருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அது என் வலப்பக்கம்.